பிரசவம் முடிந்த கையோடு கருத்தடை: காப்பர் டியும் அந்த 48 மணி நேரமும்

பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், கரு தங்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டியைப் பற்றி நான்கு கதைகளாவது காதில் விழும். யாரோ ஒருத்திக்கு அது நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டதாம். இன்னொருத்திக்கு அதையும் மீறிக் கரு தங்கி, பிறந்த பிள்ளை அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்ததாம். மூன்றாமவளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போட்டு அனுப்பிவிட்டார்களாம். நான்காவதாக ஒரு பெரியம்மா, "பால் குடுக்குற வரைக்கும் ஒண்ணும் தங்காதும்மா, இதெல்லாம் எதுக்கு?" என்று பேச்சை முடித்து வைப்பார்.

முதல் கதை நடக்கவே வழியில்லாதது. இரண்டாவதில் கரு தங்குவது மிக அபூர்வமாக நடப்பதுதான்; கையில் பிடித்துக்கொண்டு வந்தது மட்டும் சொல்பவர்கள் சேர்த்த மசாலா. மூன்றாவது நடக்கக் கூடாதது, ஆனால் நடந்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம். என்னைக் கேட்டால் நான்கிலும் ஆபத்தானது பெரியம்மா சொன்னதுதான். ஏனென்றால் அது பாதி உண்மை. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

விரித்த பாயும் வராத விருந்தாளியும்

"இன்னும் தலைக்கு ஊத்தவே இல்லையே, அதுக்குள்ள எப்படி?" பிள்ளை பெற்ற ஏழெட்டு மாதத்தில் மறுபடியும் கருவுற்ற பெண்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. மாதவிடாய் திரும்ப வந்தால்தான் கரு தங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வரிசை அப்படியில்லை.

விருந்தாளி வருவார் என்று வீட்டில் பாய் விரித்து வைக்கிறோம். அவர் வரவில்லை. சரி என்று பாயைச் சுருட்டி விடுகிறோம். மாதவிடாய் என்பது இந்தச் சுருட்டல். கருப்பையின் உட்பக்கம் ஒரு கருவை எதிர்பார்த்து மெத்தை போல் வளர்கிறது. கரு வராவிட்டால் அந்த மெத்தை உதிர்ந்து வெளியேறுகிறது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே சூலகத்திலிருந்து ஒரு கருமுட்டை வெளியே வந்திருக்கும். இதைக் கருமுட்டை வெளியேற்றம் என்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் முதல் மாதவிடாய்க்கும் முன்னால் இது நடந்துவிடலாம். அந்த முட்டையே கருவாகிவிட்டால் பாய் சுருட்டப்படவே படாது. அந்தப் பெண் இரண்டு பிரசவங்களுக்கு நடுவில் ஒரு முறைகூடத் தலைக்கு ஊற்றியிருக்க மாட்டார்.

பால் கொடுக்காத பெண்ணுக்கு, பிரசவமான நான்காவது வாரத்திலேயே கருமுட்டை வெளியேறத் தொடங்கலாம். பால் கொடுப்பவர்களுக்குத் தள்ளிப்போகும். குழந்தை சப்பும்போது போகும் சமிக்ஞை மூளையில் முட்டையை விடுவிக்கும் கட்டளையை அடக்கி வைக்கிறது. பெரியம்மா சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பை நம்பலாம் என்று மருத்துவர்கள் சொல்வது மூன்று நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் பொருந்தும்போது மட்டும்: குழந்தைக்கு 6 மாதம் முடிந்திருக்கக் கூடாது; தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல் இரவும் பகலும் கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்க வேண்டும்; மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் 100க்கு 98 பேருக்குக் கரு தங்காது. ராத்திரிக்கு ஒரு பாலாடை பசும்பால், வெயிலுக்கு இரண்டு சங்கு சர்க்கரைத் தண்ணீர் என்று புகுந்தால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

நம் ஊர் வழக்கத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிள்ளை பெற்றவள் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ வரை அம்மா வீட்டில் இருப்பாள். சொல்லப்போனால் அதுதான் பழைய காலத்துக் கருத்தடை. அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பும் நேரம் எது? பாலோடு வேறு ஆகாரமும் ஆரம்பிக்கும், இரவுப் பால் குறையும், முட்டை வெளியேற்றம் திரும்பத் தயாராகும் அதே நேரம்.

ஒரு பிள்ளை பெற்ற பிறகு அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதமாவது காத்திருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரசவத்தில் இழந்த ரத்தமும் இரும்புச் சத்தும் ஊற வேண்டும். சிசேரியன் தையல் உள்ளே வலுப்பட வேண்டும். இடைவெளி மிகவும் குறைந்தால் அடுத்த குழந்தை குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

சுருக்கமாக இதுவரை: முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கரு தங்கலாம். தாய்ப்பால் காக்கும், ஆனால் 6 மாதத்துக்குள், முழுமையாகக் கொடுத்தால் மட்டும்.

ஒன்றுமில்லை, இல்லாவிட்டால் ஆபரேஷன்

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கே ஆபரேஷன் என்றுதான் அர்த்தம் ஆகிவிட்டது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே திருமணமான பெண்களில் 100க்கு ஏறக்குறைய 58 பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். காப்பர் டி போன்ற சாதனம் வைத்திருந்தவர்கள் 5 பேருக்கும் குறைவு. முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் பெரும்பாலோர் எதையும் பயன்படுத்துவதில்லை. இரண்டாவது பிறந்ததும் ஆபரேஷன். நடுவில் நிறைய வழிகள் இருப்பது பேச்சிலேயே வருவதில்லை.

அப்படி நடுவில் இருப்பதுதான் நாம் பேசப்போகும் நீண்டகாலக் கருத்தடை. ஒரு முறை வைத்தால் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும்; வேண்டாம் என்று தோன்றும் நாளில் எடுத்துவிடலாம்; எடுத்ததும் பழையபடி கரு தங்கும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இதன் இலக்கணம். காப்பர் டி, ஹார்மோன் வைத்த கருப்பைச் சாதனம், கைத் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்ட் ஆகிய மூன்றும் இதில் சேரும்.

மாத்திரையோடு இவற்றை ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கே என்று தெரியும். தினமும் மறக்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டிய தொட்டிச் செடி மாத்திரை. ஊருக்குப் போனால், காய்ச்சலில் படுத்தால், பிள்ளை ராத்திரி முழுக்க அழுதால் மறந்துபோகும். அன்றாட வாழ்க்கையில் பெண்கள் பயன்படுத்தும் விதத்தில் பார்த்தால் மாத்திரையை நம்பும் 100 பேரில் ஆண்டுக்கு 7 பேர் போலக் கருவுறுகிறார்கள். ஆணுறையில் இது சுமார் 13. காப்பர் டியில் ஒன்றுக்கும் குறைவு. இம்ப்ளான்ட்டில் 1,000 பேரில் ஒருவர் என்ற அளவு. மாத்திரை மட்டமான மருந்து என்பதல்ல இதன் அர்த்தம். கைக்குழந்தையோடு ராத்தூக்கம் இல்லாமல் இருப்பவளின் ஞாபகசக்தியை நம்பி ஒரு கருத்தடையை நிறுத்துவது அவளுக்குச் செய்யும் அநியாயம், அவ்வளவுதான்.

செம்பு உள்ளே என்ன செய்கிறது?

ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் புளி ரசமோ மோரோ வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறும். செம்பு துளித்துளியாகக் கரைந்து வெளியே வருவதுதான் அது. காப்பர் டியின் இயக்கமும் இந்தக் கரைதல்தான், மிக மிகச் சிறிய அளவில்.

காப்பர் டி என்பது ஆங்கில எழுத்து 'டி' வடிவத்தில் வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக் துண்டு. தீப்பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும் அளவுதான் இருக்கும். அதன் தண்டிலும், சில வகைகளில் கைகளிலும், செம்பு சுற்றியிருக்கும். நம் அரசு மருத்துவமனைகளில் அதிகம் காணும் வகைக்கு 380ஏ என்று பெயர். அதிலுள்ள செம்பின் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர் என்பதால் அந்த எண். கருப்பைக்குள் இருக்கும் ஈரத்தில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. உள்ளே வரும் விந்தணுக்களுக்கு அந்தச் செம்பு விஷம் மாதிரி. நீந்தும் வலு போய், முட்டையை எட்டுவதற்குள் செயலிழக்கின்றன. கருப்பையும் தனக்குள் ஓர் அந்நியப் பொருள் இருப்பதை உணர்ந்து வெள்ளை அணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவையும் விந்தணுக்களைத் தாக்குகின்றன.

"உருவான கருவைத் தினம் தினம் அழிக்குதாமே?" என்ற குற்ற உணர்ச்சியோடு சிலர் காப்பர் டியை மறுக்கிறார்கள். அதன் முதன்மையான வேலை கருவே உருவாகாமல் தடுப்பது. விந்தணு முட்டையைச் சேராமல் பார்த்துக்கொள்கிறது.

இதில் ஹார்மோன் எதுவும் இல்லை. ஆகவே தாய்ப்பாலில் இறங்க ஒன்றும் இல்லை, உடம்பு பெருக்க ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்ற பின் வரும் உடம்பைக் காப்பர் டியின் கணக்கில் எழுதுவது, பத்தியச் சாப்பாட்டோடு ஊற்றிய நெய்யை மறந்துவிட்டுப் பேசுவது.

ஆனால் மாதவிடாய் மாறும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை உதிரப்போக்கு கூடுதலாகவும் வயிற்றுவலி அதிகமாகவும் இருக்கலாம். பிறகு பெரும்பாலோருக்குத் தணியும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது, "கொஞ்சம் ப்ளீடிங் இருக்கும், பயப்படாதீங்க" என்று ஒரே வரியில் தாண்டிப்போவது நியாயமில்லை. ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர் இதை மருத்துவரிடம் சொல்லி, இரும்புச்சத்து மாத்திரையோடு தொடரலாமா, வேறு முறை நல்லதா என்று பேசி முடிவெடுக்க வேண்டும்.

நெஞ்சு வரை ஏறும் கதைக்கு வருவோம். கருப்பை என்பது சதையால் ஆன மூடிய பை. அதன் மேல்மூலைகளில் இருக்கும் குழாய்கள் நூல் போல மெல்லியவை. காப்பர் டி அவற்றில் நுழையாது. மிக அபூர்வமாக, வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு அடிவயிற்றுக்குள் போவதுண்டு. 1,000 பேரில் ஒருவர், இருவர் என்ற அளவில் நடக்கும். நடந்தால் லாப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் ஆபரேஷன், செய்து எடுப்பார்கள். அதற்கு மேலே உதரவிதானம் என்ற சதைச் சுவர் வயிற்றையும் நெஞ்சையும் தடுத்து நிற்கிறது.

இந்தப் பயங்களுக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1965இல் இந்திய அரசு 'லிப்பிஸ் லூப்' என்ற சாதனத்தை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. செம்பு இல்லாத, பாம்பு மாதிரி வளைந்த பிளாஸ்டிக். இலக்கு வைத்து, வேகவேகமாகப் போட்டார்கள். உதிரப்போக்கும் வலியும் வந்த பெண்களைத் திரும்பப் பார்க்க ஆளில்லை. சில ஆண்டுகளிலேயே பெயர் கெட்டுப்போனது. இன்றைக்கும் வயதான பெண்கள் காப்பர் டியையும் 'லூப்' என்றே சொல்வதைக் கேட்கலாம். பெயரோடு சேர்ந்து பயமும் கைமாறி வந்திருக்கிறது.

10 நிமிடம், 48 மணி நேரம், 6 வாரம்

பிரசவத்துக்குப் பின் காப்பர் டி வைப்பதில் ரொம்பக் குழப்பமாகத் தோன்றுவது நேரக் கணக்கு. உடனே வைக்கலாம் என்கிறார்கள். இரண்டு நாள் தாண்டினால் முடியாது, ஆறு வாரம் கழித்து வா என்கிறார்கள். இது ஏதோ அலுவலக விதி மாதிரித் தெரியும். கருப்பை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

சாதாரண நாளில் கருப்பை ஒரு சின்னக் கொய்யாக்காய் அளவு, 60, 70 கிராம் எடை. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்த நிமிடத்தில் அது ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு தொப்புள் உயரத்தில் நிற்கிறது. வாய் அகலத் திறந்திருக்கிறது, சுவர் தடிமனாக இருக்கிறது. இரண்டு வாரத்தில் சுருங்கி இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடுகிறது. ஆறு வாரத்தில் கிட்டத்தட்டப் பழைய அளவு.

முதல் வாய்ப்பு, நஞ்சுக்கொடி வந்த 10 நிமிடத்துக்குள். வாய் திறந்திருக்கிறது, பெண் ஏற்கெனவே பிரசவ மேசையில் இருக்கிறார், தனியாக மயக்க மருந்து தேவையில்லை. சாதாரணமாகக் காப்பர் டி வைக்க ஒரு மெல்லிய குழாய் போதும். அது இந்தப் பெரிய கருப்பையின் உச்சியை எட்டாது. அதனால் கெல்லி ஃபோர்செப்ஸ் என்ற நீளமான இடுக்கியால் பிடித்து உச்சியில் கொண்டுபோய் வைப்பார்கள். உச்சியில் வைப்பதுதான் இங்கே முக்கியம். பாதி வழியில் விட்டுவிட்டு வந்தால் அது கீழே இறங்கிவிடும்.

சிசேரியனில் இது இன்னும் சுலபம். கருப்பையைத் தைப்பதற்கு முன், திறந்த வழியாகவே உச்சியில் வைத்துவிடலாம். தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 போல சிசேரியன் என்பதால் இது நிறையப் பேருக்குப் பொருந்தும் விஷயம்.

அந்த 10 நிமிடம் தவறினால், 48 மணி நேரம் வரை வார்டிலேயே வைக்கலாம். இரண்டு நாளைக்கு உள்ளே கருப்பை வாய் இன்னும் விட்டுக்கொடுக்கும்.

அப்புறம் கதவு மூடுகிறது. மூன்றாம் நாளிலிருந்து கருப்பை வாய் குறுகுகிறது, கருப்பை வேகமாகச் சுருங்குகிறது, உள்ளே நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் ஆறாத புண்ணாக இருக்கிறது. இந்த நேரத்தில் வைத்தால் கிருமித் தொற்றுக்கும், கழன்று விழுவதற்கும் வாய்ப்பு அதிகம். அதனால் காத்திருக்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 4 வாரம் என்கிறது. இந்திய வழிகாட்டுதல் 6 வாரம் என்று வைத்திருக்கிறது. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அதே ஆறாவது வாரம்.

சுருக்கமாக: உடனே அல்லது 48 மணி நேரத்துக்குள், தவறினால் 6 வாரம் கழித்து. நடுவில் வேண்டாம்.

வீக்கம் வற்றினால் மோதிரம் கழலும்

உடனே வைப்பதில் ஒரு குறை உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. வீங்கின விரலில் போட்ட மோதிரம் வீக்கம் வற்றியதும் கழன்று விழும் அல்லவா? ஒரு கிலோ கருப்பை 70 கிராமுக்குச் சுருங்கும்போது உள்ளே வைத்த காப்பர் டி சில பேருக்கு வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும், சுகப்பிரசவத்துக்குப் பின் உடனே வைத்தவர்களில் 10 பேரில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். சிசேரியனின்போது வைத்தால் குறைவு. ஆறு வாரம் கழித்து வைத்தால் இன்னும் குறைவு.

பிறகு ஏன் உடனே வைக்கச் சொல்கிறார்கள்? ஆறு வாரம் கழித்து வருகிறேன் என்று போனவர்களில் கணிசமானோர் திரும்பி வருவதில்லை. குழந்தைக்குச் சளி, வீட்டில் விசேஷம், பஸ் வசதியில்லை, கூட வர ஆளில்லை. ஒன்பது பேருக்கு நிலைத்து ஒருவருக்கு விழுவது, நான்கைந்து பேருக்கு எதுவுமே கிடைக்காமல் போவதைவிட மேல் என்பதுதான் கணக்கு. உங்களால் நிச்சயம் ஆறாவது வாரம் வர முடியும் என்றால் அப்போது வைத்துக்கொள்வதும் நல்ல முடிவே. இதைச் சொல்லும் மருத்துவரை நான் மெச்சுவேன்.

விழுந்தது தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். ஆறாவது வாரப் பரிசோதனை அதனால்தான் கட்டாயம். காப்பர் டியின் அடியில் மெல்லிய நூல் இருக்கும். எடுக்கும்போது பிடித்து இழுக்க அதுதான் பிடி. பிரசவத்தோடு வைத்தவர்களுக்கு அந்த நூல் முதலில் கருப்பைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். கருப்பை சுருங்கச் சுருங்கக் கீழே இறங்கி வரும். நீளமாகத் தொங்கினால் மருத்துவர் வெட்டிவிடுவார். சிலருக்கு, குறிப்பாக சிசேரியனில் வைத்தவர்களுக்கு, நூல் இறங்காமலே இருந்துவிடும். நூல் தெரியவில்லை என்றால் காப்பர் டி தொலைந்துவிட்டது என்று பொருளல்ல. ஸ்கேனில் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கெட்ட நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், காய்ச்சல், குறையாத அடிவயிற்று வலி, பிறப்புறுப்பில் கெட்டியான பிளாஸ்டிக் முனை தட்டுப்படுவது: இவற்றில் எது வந்தாலும் ஆறாவது வாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். காப்பர் டி இருக்கும்போதே கரு தங்கியதாகச் சந்தேகம் வந்தால் உடனே காட்ட வேண்டும். கரு தங்குவதே அரிது. ஆனால் தங்கினால் கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஹார்மோன் வழிகள்

கையில் வைக்கும் இம்ப்ளான்ட் தீக்குச்சி மாதிரி ஒரு சிறிய வளையும் குச்சி, 4 சென்டிமீட்டர் நீளம். மேல்கையின் உட்பக்கத்தில் மரப்பு ஊசி போட்டுத் தோலுக்கடியில் செருகுவார்கள். வயலுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் போல, அதிலிருந்து புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் நாள் முழுக்கத் துளித்துளியாகக் கசியும். அது கருமுட்டை வெளியேறுவதைத் தடுக்கும். கருப்பை வாயிலுள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவுக்கு வழி அடைக்கும். ஒற்றைக் குச்சி வகை 3 ஆண்டுக்கு. இலங்கை அரசு மருத்துவமனைகளில் ஜடெல் என்ற இரட்டைக் குச்சி வகை பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது 5 ஆண்டுக்கு. இந்திய அரசுத் திட்டத்தில் இம்ப்ளான்ட் அண்மையில்தான் படிப்படியாக நுழைகிறது, எல்லா ஊரிலும் கேட்டதும் கிடைக்காது. இதன் பெரிய தொந்தரவு ஒழுங்கில்லாத உதிரப்போக்கு. சிலருக்கு மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக, சிலருக்கு வரவே வராமல். உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றாலும், "தீட்டு எப்ப வரும்னே தெரியல" என்று எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு.

ஹார்மோன் வைத்த கருப்பைச் சாதனமும் காப்பர் டி வடிவம்தான், செம்புக்குப் பதில் ஹார்மோன். உதிரப்போக்கை நன்றாகக் குறைக்கும் என்பதால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஏற்றது. விலை அதிகம், பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில்தான்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். இதை நான் நீண்டகால வகையில் சேர்க்கவில்லை. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது, அதோடு நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். பால் கொடுப்பவர்களுக்கு ஆறு வாரம் முடிந்த பிறகுதான் போடுவார்கள்.

பால் வற்றிவிடுமா என்ற பயம் எல்லா ஹார்மோனுக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள முறைகள் பாலைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் கலந்த சாதாரணக் கருத்தடை மாத்திரைதான் பால் சுரப்பைப் பாதிக்கக்கூடியது. பிரசவமான முதல் வாரங்களில் காலில் ரத்தம் உறையும் ஆபத்தையும் அது கூட்டும். பால் கொடுக்கும் பெண் 6 மாதம் வரை அதைத் தவிர்க்க வேண்டும். மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கிப் போடக் கூடாத மாத்திரை அது.

இவை எதுவும் பால்வினை நோயிலிருந்து காக்காது. அதற்கு ஆணுறை ஒன்றுதான்.

யாருக்கு உடனே வைக்கக் கூடாது?

பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், பிரசவத்தில் காய்ச்சலோ கருப்பைத் தொற்றோ இருந்தால், உதிரப்போக்கு கட்டுக்குள் வராமல் இருந்தால் அப்போது காப்பர் டி வைக்க மாட்டார்கள். கருப்பையின் உட்குழி பிறவியிலேயே வேறு வடிவமாக இருப்பவர்களுக்கும் பொருந்தாது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன் ஆகியவை காப்பர் டிக்குத் தடையல்ல.

கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்

பெஞ்சில் கேட்ட மூன்றாவது கதை பாக்கி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, வயிறு வலிக்கிறது என்று எட்டு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே காப்பர் டி இருப்பதே தெரிந்தது. பிரசவத்தன்று கையெழுத்து வாங்கிய தாள்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். அவர் இப்போது காப்பர் டி என்ற சொல்லையே வெறுக்கிறார். அவர் தெருவில் இனி யாரும் அதைப் போட்டுக்கொள்ளப் போவதில்லை. கருத்தடைக்கு எதிராகப் பரப்பப்படும் ஆயிரம் வதந்தி செய்ய முடியாததை அந்த ஒரு தாள் செய்துவிட்டது.

விதி தெளிவாகவே இருக்கிறது. கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும்போதே எல்லா முறைகளையும் சொல்லி, நிறைகுறைகளைப் பேசி, விருப்பம் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். அப்போது பேசவில்லை என்றால் பிரசவம் முடிந்து வார்டில் ஓய்வாக இருக்கும்போது கேட்கலாம். 48 மணி நேரம் இருக்கிறதே. இடுப்புவலி உச்சத்தில் இருப்பவளிடம் தாளை நீட்டுவது சம்மதம் வாங்குவதாகாது. காப்பர் டிக்குக் கணவரின் கையெழுத்தோ மாமியாரின் அனுமதியோ தேவையில்லை. அந்தப் பெண்ணின் சம்மதம் போதும். வேண்டாம் என்றால் அவள் சொல்வதுதான் முடிவு.

எடுக்கச் சொல்வதற்கும் காரணம் காட்ட வேண்டியதில்லை. "இன்னும் வருஷம் இருக்கே, எதுக்கு இப்ப?" என்று கேட்டால், வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். நூலைப் பிடித்து எடுப்பது சில நிமிட வேலை. எடுத்த அந்த மாதமே கரு தங்கலாம். அதனால் அடுத்த பிள்ளை வேண்டாதவர் வேறு முறைக்கு மாறிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஏழாம் எட்டாம் மாதத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ இதைப் பேசி, வேண்டும், வேண்டாம், அப்புறம் சொல்கிறேன் என்பதில் எது உங்கள் பதிலோ அதைத் தாய் சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அட்டையைத் திருப்பி ஒரு முறை படியுங்கள். காப்பர் டி வைத்திருந்தால் எந்த வகை, எந்தத் தேதி என்று இருக்க வேண்டும். 380ஏ என்றால் 10 ஆண்டு, 375 என்ற இன்னொரு வகை என்றால் 5 ஆண்டு வேலை செய்யும். பத்து வருடம் கழித்து அந்த அட்டை எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது என்பதால், ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.